ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

இந்த நாற்காலியின் ஒரு கால் குட்டை, சார். உங்களுக்கு அது தொந்தரவாக இருக்காது, எனக்கு இருக்கிறது. ஒரு அட்டையை மடித்துத் தந்தால் நானே அடியில் வைத்துக்கொள்வேன். எங்காவது எதுவாவது ஆடினால் என் கை சும்மா இராது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வேண்டாமா? சரி, நின்றுகொண்டே சொல்கிறேன்.

என் பெயர் லிபி, ஊர் பாறசாலை. கழக்கூட்டத்தில், இரும்புப் பட்டையில் ஊர்ந்து போகும் வண்டிகளுக்குப் பாகங்கள் வடிவமைக்கும் அலுவலகத்தில் வேலை. என் பங்கு ஸ்ப்ராக்கெட், அதாவது பட்டையைப் பிடித்து இழுக்கிற பல்சக்கரம். வண்டி நகர்வதும் அதனால்தான், இறக்கத்தில் பிரேக் பிடித்து நிற்பதும் அதன் வழியாகத்தான்.

கம்ப்யூட்டரில் அந்தச் சக்கரத்தைக் கோடு கோடாக வரைவதில்லை. அளவுகளை ஒன்றோடொன்று கட்டிவைப்பேன். ஒரு எண்ணை மாற்றினால் மற்றதெல்லாம் தானே நகர்ந்து பொருந்திக்கொள்ளும். அப்படிக் கட்டிமுடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று. அதற்குப் பிறகு எண்ணை மாற்றுவதை யாரும் செய்யலாம்.

கூட வேலை பார்க்கும் அஜீஷ் முன்பெல்லாம் மாற்றுவதற்கு முன் என் மேஜைக்கு வருவான். "லிபியக்கா, இந்த நம்பர மாத்துனா கொழப்பம் ஒண்ணும் இல்லல்லோ?" என்பான். நான் சொல்வேன். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். டீம் லீடர் ஆனதும் வருவது நின்றது. என் கோப்பை நகலெடுப்பான், எண்ணை மாற்றுவான், தன் பெயரைப் போட்டு அனுப்புவான். ஒரு வார்த்தை கேட்டால் வாயிலிருக்கும் முத்து உதிர்ந்துவிடுமா? கோபம்தான், மறைப்பானேன். வீட்டில் சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் என்னால் உட்கார முடியவில்லை.

அதனால் கோப்பில் இன்னொரு கட்டு சேர்த்தேன். பற்களைக் குறைத்தால், போல்ட் பிடிக்கிற உள்வளையமும் கூடவே மெலியும். தாங்க முடியாத அளவுக்கு மெலியும். வரைபடத்தில் தெரியாதா என்கிறீர்கள். பார்த்தால் தெரியும். வலிமைச் சோதனை செய்தாலும் தெரியும். பெரிய சக்கரத்துக்குச் செய்த சோதனையே சின்னதுக்கும் போதும் என்று விட்டுவிடுகிற இடம் எங்களுடையது. எனக்குத் தெரியாததா?

கல்லாறுக்கு மேலே, சரிவில் கல் சுமக்க ஒரு சின்ன வண்டி கேட்டார்கள். அஜீஷ் பற்களைக் குறைத்தான். பக்கத்து மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்பதற்கு அவனுக்கு ஒரு வாய்ப்புத் தரலாமே என்று தண்ணீர் எடுக்க அவனைத் தாண்டிப் போனேன், வந்தேன், மறுபடியும் போனேன். அவன் தலை நிமிரவில்லை.

இசக்கியை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர், அந்த வண்டியை முதலில் ஓட்டிப் பார்க்க வந்தவர். கல்லாறுக்குப் புறப்படும் முன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"இத வரஞ்சது நீங்கதான்னு சொன்னாவ மேடம். பாரத்தோட எறக்கத்துல நிப்பாட்டுனா பிடிச்சு நிக்குமா? வீட்டுல புள்ள சின்னது, அதான் கேக்கேன்."

அந்த அலுவலகத்தில் அவ்வளவு மரியாதையாக என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நிக்கும் அண்ணாச்சி, தைரியமா ஓட்டுங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், அவரிடம் உண்மையைச் சொன்னால் அது அவர் வழியாக அஜீஷுக்குப் போய்விடும். அப்புறம் அஜீஷ் தானாக வந்து கேட்டதாக ஆகாதே. இதை நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

இறக்கத்தில் உள்வளையம் கிழிந்தது. ஒரு பக்கம் பிடி விட்டதும் வண்டி சுழன்று ஆற்றுப் பாறைகள் மேல் கவிழ்ந்தது. இசக்கி அதன் அடியில் இருந்தார். அவரைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: கேட்டவர்களுக்கு நான் எப்போதும் சொல்லியிருக்கிறேன்.

அலுவலகத்தில் இப்போது என் இடத்தில் ரேஷ்மி உட்கார்ந்திருப்பாள். இன்னொரு வண்டிக்காக அதே கோப்பைத்தான் திறந்திருப்பாள். மெலிவது அந்த ஒரு வளையம் மட்டுமில்லை. வேறு எது என்று நீங்கள் கேட்டுப் பயனில்லை, சார். அவள் வரட்டும். கேட்டால் சொல்லிவிடுவேன்.