கோபியின் சருகு மூட்டை

விழாவுக்குத் தலைமை தாங்கும் எங்கள் காப்பி எஸ்டேட்டின் கணக்கு எழுதும் ரைட்டர் கந்தசாமி அவர்களே! செம்மநத்தத்திலிருந்து ஒடுங்கிய பாதையில் ஒன்றாகத் திரண்டு வந்திருக்கும் பெரியோர்களே! பனியில் நனைந்து பழம் பறித்து, பிள்ளையை எங்கள் கையில் தந்துவிட்டு நெஞ்சை வாசலிலேயே விட்டுச் செல்லும் தாய்மார்களே! குழந்தைகள் காப்பக ஆசிரியை சௌமியாவின் கனிந்த வணக்கம்.

மலரின் மகன் கோபியை அறியாதவர் உண்டா? இரண்டு வயது. அழுகையோ அடுத்த எஸ்டேட் வரை கேட்கும்! வண்ண வண்ணப் பிளாஸ்டிக் பொம்மை கொடுத்தோம், வீசினான். பாடும் கரடி கொடுத்தோம், கரடியோடு சேர்ந்து கதறினான். மலர் கலங்கினார்.

"டீச்சருங்க, இவன் அழுகறது நிக்கலீன்னா சேலத்துல மாமியா ஊட்டுல கொண்டுபோயி உடோணுமுங்க. எம் பையனப் பாக்காம நான் எப்படிங்க இருப்பேன்?"

அந்தக் கேள்வி என் நெஞ்சில் தைத்தது.

பொம்மைகளை ஒதுக்கினோம். ஜன்னலோரம் சில்வர் ஓக் சருகைக் குவித்தோம். மூங்கில் குழாய் வைத்தோம், சுரைக்குடுக்கை வைத்தோம், மலர் இடுப்பில் கட்டிப் பழம் பறிக்கும் பழைய சாக்கையும் வைத்தோம். என்னம்மா, வாயில் போட மாட்டானா என்கிறீர்களா? போட்டான், முகம் சுளித்துத் துப்பினான்! பக்கத்திலேயே நான் இருந்தேன்.

சாக்கை முகர்ந்தான். அம்மாவின் வாசம்! அழுகை நின்றது. சருகை அள்ளினான், சாக்குக்குள் அமுக்கினான். மாலையில் மலரைக் கண்டதும் மடியில் ஏறினானா? இல்லை! மூட்டையை இழுத்துக்கொண்டு எடை போடும் வரிசையில் நின்றான்! தலைவர் அவர்களே, சிரிக்காதீர்கள். நீங்கள்தானே அதைத் தராசில் தொங்கவிட்டு, "சாமி, உன்ற மூட்ட நொம்ப கனமுடா!" என்றீர்கள்?

பிறகு ஒரு வேடிக்கை. "அழுக்குச் சாக்குங்க, வெக்கமா இருக்குதுங்க" என்று மலர் அதைச் சோப்புப் போட்டு வெளுத்துக்கொண்டு வந்தார். கோபி முகர்ந்தான், ஊரைக் கூட்டினான்! பாவம் மலர், அன்று முழுவதும் அதே சாக்கில் பழம் பறித்துத் திரும்பத் தந்தார்.

பளபளப்பையா தேடுகிறது பிள்ளை மனம்? தொட்டால் நொறுங்கும் சருகு, தட்டினால் பாடும் மூங்கில், முகர்ந்தால் அம்மா! தாய் உழைக்கும் மலையே கைக்குள் வந்துவிட்டால் பிள்ளை ஏன் அழ வேண்டும்?

மறுநாள் காலை கோபி மலரின் கையை உதறினான், திரும்பிக்கூடப் பார்க்காமல் சருகுக்குள் ஓடினான். வாசலில் விம்மி விம்மி அழுதவர் ஒருவர்தான். அது மலர்! "சேலத்துக்கு அனுப்ப வேண்டாமுங்க டீச்சர்" என்று சிரித்தபடியே அழுதார்.

அந்த ஜன்னலோரம் இன்று ஒரு தனி அறையாக மலர்கிறது. தாய்மார்களே, நாளைக் காலை பிள்ளையோடு உங்கள் பழைய சாக்கையும் தந்துவிட்டுப் போங்கள். தயவுசெய்து துவைத்துவிடாதீர்கள்! செவி தந்த உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்.