யானை பார்க்கும் பக்கம்

1. லஸ் முனையில் அடையாறு பஸ்ஸில் ஏறினேன்.
2. முன் சீட்டில் பல்கலைக்கழகக் குமாஸ்தா ஒருவரும் அச்சகக்காரர் ஒருவரும் இருந்தார்கள்.
3. மந்தைவெளியில் குமாஸ்தா பட்டமளிப்பு விழா அழைப்பிதழ்க் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "யானை ஏன் ஓய் இடது பக்கம் பாத்துண்டு நிக்கறது?" என்றார்.

பல்கலைக்கழகச் சின்னத்தில் யானை வலது பக்கம்தான் பார்க்க வேண்டுமாம்.

"மாதிரிக்கு நீ இன்னா குட்த்த சாமி? அரக்குல குத்துற பித்தளை முத்திரை. அதுல எல்லாமே இடம் வலம் மாறித்தான் கீது. அச்சு பிளாக்கு செய்றவன் அத்தப் பாத்து அப்டியே வரஞ்சிட்டான்" என்றார் அச்சகக்காரர்.

"எல்லாத் தாள்லயும் ஒரே யானைதான் இருக்கணும்னு ரிஜிஸ்ட்ரார் என்னைப் பொறுப்பாப் போட்டிருக்கார். என் பிரமோஷன் போச்சு!"

"அழுவாத சாமி. நான் வேணா யானையாண்ட திரும்பி நிக்கச் சொல்றேன்."

"விளையாடாதேயும். வேற அடிச்சுக் குடும்."

"அடிக்கிறேன். ஆனா போன மாசம் எல்லா காலேஜுக்கும் சர்க்குலர் அனுப்ச்சியே, 'மேலே உள்ள சின்னத்தையே பயன்படுத்தவும்'னு? அதுவும் இதே பிளாக்குதான்."

குமாஸ்தா அழைப்பிதழை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"அந்த சர்க்குலர்ல கையெழுத்து யார்து?"

"ரிஜிஸ்ட்ராரோடது."

"அப்பால இன்னா? அவரு கையெழுத்து போட்ட யானைதான் சரியான யானை."

பஸ் அடையாறு பாலம் ஏறும்போது குமாஸ்தா கட்டை மறுபடியும் கட்டினார். "அப்போ பட்டச் சான்றிதழ்ல இருக்கற யானையைத்தான் திருப்பணும்."

அதே விழாவில் பட்டம் வாங்க வேண்டிய என் தங்கைக்கு அழைப்பிதழும் வந்தது, பட்டமும் கிடைத்தது. அழைப்பிதழில் யானை இடது பக்கம் பார்க்கிறது. சான்றிதழில் இன்னும் வலது பக்கமே பார்க்கிறது.