குச்சியா பட்டனா

...அதெல்லாம் மிஷினு மேல தான் தப்பு கண்ணு, எம்மேல ஒண்ணும் கெடையாது. இரு, மூச்சு வாங்கிக்கிறேன். நாலு மாடி! படியிலயே ஏறி வந்தேன்... லிப்ட் கீதா? கீதுன்னு தெரியும்மா. தெரியாமயா ஏறி வந்தேன்? ஸ்டூலு போட்டுகினு உள்ள உக்காந்துகினு கீறானே, நீலச் சட்டை, வேலு... அவன் என் தம்பி. கூடப் பொறந்தவன். அவன் தூக்கிகினு போற பொட்டில நான் காலு வைப்பனா? முட்டி கழண்டாலும் படி தான்.

பாவாடை காட்டு. பட்டுப் பாவாடை, ரெண்டு வயசுக்கு. பேரு தமிழ்நிலா. என் அக்கா ஜோதிலட்சுமியோட பேத்தி. நாளைக்கு காது குத்து, மைலாப்பூர்ல. இது வேணாம், இது கத்திரிக்கா கலரு. உன் பேரு இன்னா? நெஞ்சுல குத்திகினு கீற, எனக்குப் படிக்க வராது... சிம்ராவா? நல்லாகீது. உக்காரும்மா சிம்ரா. உக்காரக் கூடாதா? இன்னா கடையோ போ.

விசயத்துக்கு வரேன். காது குத்துன்னா தாய்மாமன் மடில தான கொழந்தைய உக்கார வைப்பாங்க? இதோட அம்மா கயலு, என் அக்கா பொண்ணு, அவளுக்குக் கூடப் பொறந்த ஆம்பள கெடையாது. அப்ப யாரு மடி? கயலோட தாய்மாமன் மடி. அதுல தான் பேஜாரு. நாங்க ரெண்டு பேரு கீறோமே! மூத்தவன் நானு. நியாயமா இன்னா சொல்லணும், 'கபாலி மாமா, நீ உக்காரு'ன்னு சொல்லணும். சொல்லல. ஏன்னா கயலு கல்யாணத்துல ஒண்ணு நடந்துச்சு பாரு...

நான் ஆட்டோ ஓட்றவன். கல்யாணத்து அன்னிக்கி பூ, வாழ மரம், ஐயரு எல்லாத்தையும் நான் தான் ஏத்திகினு வரேன். மண்டபத்து வாசல்ல ஆட்டோவ ஓரங்கட்றேன். கட்டிட்டு உள்ள ஓடி வந்து பாத்தா... மாலைய போட்டுட்டான்மா! தாய்மாமன் மாலைய! என் தம்பி! பல்ல காட்டிகினு போட்டோக்கு நிக்கிறான்! 'நேரமாச்சுன்னு ஐயரு சொன்னாரு'ன்றான். அந்த ஐயர இட்டுகினு வந்ததே நான் தான! அன்னிலேந்து பேச்சு கெடையாது. அவன் மூஞ்சிய நான் பாக்கறதில்ல. பாத்தாலும் காதுக்கு மேல தான் பாப்பேன்.

அது பச்ச கலரு, அத எடு. அந்தப் பச்ச இல்ல, கிளிப் பச்ச.

கயலு இன்னா பண்ணா தெரியுமா? அவ ஆபீஸ் டீம்ல பாஸ்கெட்பால் ஆடறவ. வீட்ல டிவில அதே ஆட்டம் ஆடற மிஷினு வச்சுகினு கீறாங்க, அவளும் அவ புருஷன் பிரபுவும். 'மாமா, ரெண்டு பேரும் இதுல ஆடுங்க. ஜெயிச்சவரு மடில கொழந்த. தோத்தவரு பாவாடை எடுத்துகினு வந்து பக்கத்துல தட்டு புடிச்சுகினு நிக்கணும்'ன்ட்டா. விளையாட்டுக்கு சொல்றான்னு பாத்தா, சீரியஸா சொல்றா!

நான் ஒத்துக்கினேன். தட்டு புடிக்கிறதா, நானா? ஆட்டோ ஸ்டாண்டுல அக்பர் பாஷா கிட்ட சொன்னேன். 'டேய் கெழவா, டிவி ரிமோட்டே உனக்கு சரியா புடிக்க வராதே'ன்றான். பேமானி.

பிரபு நல்ல பையன். பொறுமையா சொல்லிக் குடுத்தான். 'மாமா, பந்த கூடைல போட ரெண்டு வழி கீது. ஒண்ணு பட்டன். அமுக்கிப் புடிச்சா தலைக்குப் பக்கத்துல ஒரு கோடு ஏறும், மேல போனதும் வுடணும். கரெக்டா வுட்டா பச்சை ஆகும், பந்து உள்ள போய்டும். இன்னொண்ணு இந்த வலது பக்கத்து குச்சி. கீழ இழுத்து, நேரம் பாத்து வுடணும். ரெண்டுல எது வேணும்னு நீங்களே எடுத்துக்குங்க.'

குச்சிய தொட்டேன் பாரு... அடடடா! எங்க பழைய ஆட்டோல தரையில ஒரு லிவர் இருக்கும், அத இழுத்து தான் ஸ்டார்ட் பண்ணணும். எவ்ளோ இழுக்கணும், எப்ப வுடணும், கைக்கே தெரியும். அதே தான்மா! இழுத்தேன், வுட்டேன், பச்சை! இழுத்தேன், வுட்டேன், பச்சை! பிரபு எழுந்து நின்னுட்டான். எனக்கு ஒரே குஷி.

அப்ப தான் என் அக்கா வந்து சொல்றா. 'வேலுவும் குச்சி தான்டா எடுத்துகீறான். நாள் பூரா லிப்ட்ல பட்டன் அமுக்கறேன், இங்க வந்தும் பட்டனான்னு கேக்கறான்.' சுர்ருனு ஏறிச்சு எனக்கு. அவன் தொட்ட குச்சிய நான் தொடுவனா? 'மாப்ள, எனக்கு பட்டன் மாத்திக் குடு'ன்னேன். 'வேணாம் மாமா, குச்சில நல்லா வருதே'ன்றான். வரட்டும்! அவன் குச்சின்னா நான் பட்டன். அவன் பட்டன்னா நான் குச்சி. அது தான் நம்ம கொள்கை.

வரல. பட்டன் சுத்தமா வரல. ஏன்னு கேளு. ஆட்டோக்காரன் வெரலுக்கு பட்டன்னா ஹாரன் தான். தொட்டதும் வுட்டுடும். பாம்! அவ்ளோ தான். கோடு ஏறவே இல்ல, பந்து பாதி வழில தொப்புன்னு வுழுது. 'புடிச்சுகினு இருங்க மாமா, புடிச்சுகினு இருங்க'ன்னு பிரபு கத்றான். எங்க புடிக்க? ரங்கநாதன் தெரு மொனைல ஹாரன அமுக்கிப் புடிச்சா சனம் சும்மா வுடுமா?

ஞாயித்துக்கெழம ஆட்டம். ரெண்டு பேரும் ஒரே சோபால, நடுவுல அக்கா. ஆரம்பிச்சாச்சு. வேலு குச்சிய இழுக்கறான், இழுக்கறான்... டிவில அவன் ஆளு பந்த வச்சுகினு பேக்கு மாதிரி நிக்கிறான்! எறியவே மாட்றான்! நான் சிரிப்ப அடக்கிகினு கீறேன். வயிறு குலுங்குது. அக்கா என் தொடைல கிள்றா. கயலு 'இன்னாச்சு, குச்சி வேலை செய்லயா'ன்னு எட்டிப் பாக்கறா. நான் டொக்கு டொக்குன்னு ஒண்ணு ரெண்டு போட்டுட்டேன். மடி எனக்கு தான்!

அப்ப அந்தக் கம்னாட்டி வெறுத்துப் போய், கைல பட்ட பட்டன ஒரு அமுக்கு அமுக்கனான். அமுக்கி... வுடல. ஏன் வுடல? கடசி கஸ்டமர் உள்ள வர வரைக்கும் கதவு பட்டன புடிச்சுகினு இருக்கிறவன்மா அவன்! இத்தினி வருசமா அதே வேலை! கோடு ஏறுது, ஏறுது, உச்சிக்கு வந்ததும் மெதுவா வெரல எடுக்கறான்... பச்சை! இன்னொண்ணு, பச்சை! நான் சிரிச்சுகினு இருந்தவன் அப்டியே வாய தொறந்துகினு கீறேன். கொழந்த கை தட்டுது. அவன் போடற ஒவ்வொண்ணுக்கும் கை தட்டுது! முடிஞ்சு போச்சு. மடி அவனுக்கு.

நீயே சொல்லு, இது மிஷினு தப்பு தான? குச்சின்னு எடுத்தவனுக்கு குச்சி வேலை செய்யணுமா வாணாமா? அது பாட்டுக்கு பட்டனுக்கு மாறிகினா எப்பிடி? பிரபுவும் தலைய சொறியறான். அதுல மாத்தறது ஒண்ணும் பெரிய விசயம் இல்ல. பல்லுச் சக்கரம் படம் போட்டிருக்கும், அத அமுக்கினா வரிசையா இங்கிலீஷ்ல வரும், நமக்குப் படிக்கவா வரும், மேலேந்து மூணாவதுல நின்னு வலது பக்கம் தள்ளினா...

...இன்னா சிரிக்கிற?

எப்பிடித் தெரியும்னா... பிரபு மாத்தறப்ப பாத்தேன்... எனக்கு மாத்தனப்ப தான்... ஏய், இன்னா அப்பிடிப் பாக்கற? சரி. ஆமா. நான் தான். இப்ப இன்னா? வேலு பாத்ரூம் போனான், பிரபு பஜ்ஜி வாங்கப் போனான், கயலு காப்பி கலக்கறா. தள்ளிட்டேன். குச்சி வேலை செய்லன்னா பேக்கு மாதிரி நிப்பான்னு பாத்தேன். நின்னானே, நல்லா தான நின்னான்! அவன் கைல ஒரு லிப்ட்டே கீதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? அவன் வாணாம்னு ஒதுக்கன பட்டன நானே கொண்டு போய் அவன் கைல குடுத்துட்டேன்மா! ஹஹ்ஹா... அய்யோ, நெனச்சா எனக்கே சிரிப்பு வருது, வயித்தெரிச்சலாவும் கீது, ரெண்டும் ஒண்ணா வருது.

யார் கிட்டயும் சொல்லிடாத. இந்தக் கிளிப் பச்சையே போடு. இங்க தான் எடுக்கணும்னு கயலு கண்டிசனா சொல்லிட்டா. ஏன்னே தெர்ல. உள்ளூர வெசம் புடிச்சவ.

எங்க போற? பையக் குடு. ஏம்மா, சிம்ரா! படி இந்தப் பக்கம், நீ ஏன் அந்தப் பக்கம் போற? ஏய்... ஏய், லிப்ட் பட்டன அமுக்காத! சொன்னா கேளு... பாவாடைய ஏன் உள்ள குடுக்கற?

...

இன்னாடா. கதவ மூடிகினு போ. நான் படில வரேன். ...இன்னாத்துக்கு வெரல எடுக்காம நிக்கிற? உள்ள கீற சனமெல்லாம் மொறைக்கிது பாரு. ...இன்னாது? சத்தமா சொல்லு. ...கொழந்தைக்கு காது ரெண்டு. தெரியும், நானும் எண்ணிப் பாத்துகீறேன். அதுக்கு? ...ஒண்ணு உன் மடில, ஒண்ணு என் மடியிலயா? கயலு ஒத்துகினாளா? ...எந்தக் காதுடா எனக்கு? இடதா? போடா! வலது தான் மொதல்ல குத்துவாங்க, மூத்தவன் நானு! ...வலதா? நெஜமா? ...கொழந்த மேல சத்தியம் பண்ணு.

தள்ளும்மா, தள்ளு, ஒரு ஆளுக்கு எடம் குடுங்க. டேய், இன்னும் வெரல எடுக்காத. இரு... முட்டி மடங்க மாட்டேங்குது... இரு... வேட்டிய இழுத்துக்கிறேன், கதவுல மாட்டிக்கும்... இரு...

இப்ப வுடு!