கிளை நடாத குழி

காலையில் முதலில் எழுவது நாய்தான். படுக்கையில் என் பக்கம் வந்து என் மணிக்கட்டில் மூக்கை வைக்கும். நான் எழுந்து பின்கதவைத் திறந்துவிடுவேன். அது வெளியே போய் வருவதற்குள் காபி இறங்கிவிடும். பனிக்காலமென்றால் வாசலிலேயே அதன் பாதங்களைத் துடைப்பேன். விரலிடுக்குகளில் பனி உருண்டு ஒட்டியிருக்கும். பிறகு அதன் தட்டில் தீனி, என் தட்டில் ரொட்டி. இன்று காலையும் அப்படித்தான் செய்தேன். உங்கள் காவலர்கள் கதவைத் தட்டியபோது இரண்டாவது காபி குடித்துக்கொண்டிருந்தேன். நாயை யாரிடம் விடுவது என்பது ஒன்றைத்தான் கேட்டேன். என் மாமியார் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். இனிப் பேசலாம்.

நாய்க்கு நூடுல் என்று பெயர் வைத்தது ஆனிகா. காப்பகத்திலிருந்து கூட்டி வந்த அன்று, காரின் பின்சீட்டில் நான்கு கால்களும் நான்கு பக்கம் தொங்க அது தூங்கிய விதத்தைப் பார்த்து வைத்தாள். அப்போது எங்களுக்குத் திருமணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனிகா டுலூத் நகரில் ஒரு பல் மருத்துவரிடம் பற்களைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தாள். நான் காப்பீட்டு நிறுவனத்தில் இருக்கிறேன். இரண்டு வண்டிகள் மோதினால், தவறு யார் பக்கம் எத்தனை சதவீதம் என்று எழுதுவது என் வேலை. நூறு சதவீதம் யார் மேலும் எழுதக்கூடாது என்று பயிற்சியிலேயே சொல்லித் தருவார்கள்.

வாரம் முழுவதும் மற்றவர்களுக்கு. சனிக்கிழமை எங்களுக்கு. ஹால்வர் ஏரிக்கரையில் ஆனிகாவின் பெற்றோருக்கு ஒரு சின்ன வீடு உண்டு. அவர்கள் வயதான பிறகு அங்கே போவதில்லை. சாவி எங்களிடம் இருந்தது. போகும் வழியில் ஒரு டோனட் கடை. காரின் ஜன்னலில் நூடுலின் தலையைப் பார்த்ததும் கடைக்காரப் பெண் ஒரு துண்டைப் பிய்த்துத் தயாராக வைத்திருப்பார். கோடையில் படகு. நாய் நடுவில் உட்காரும், வாத்தைப் பார்த்தால் எழுந்து நிற்கும், படகு கவிழ்ந்து நாங்கள் மூவரும் தண்ணீரில் கிடப்போம். இலையுதிர்காலத்தில் வேட்டைக்காரர்கள் இருப்பார்கள் என்று அதற்கு ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிக் காட்டுக்குள் நடப்போம். குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் மேலேயே நடப்போம். ஞாயிறு மாலை அவள் அம்மா வீட்டில் சாப்பாடு. இவ்வளவுதான் எங்கள் வாழ்க்கை. போதுமானதாக இருந்தது.

“நூடுல் உன்னை அப்பான்னு நினைக்கல, வேட்,” என்பாள் ஆனிகா. “கதவு திறந்து விடுற ஆளுன்னு நினைக்குது.”

“அப்ப உன்னை?”

“சம்பளம் குடுக்குற முதலாளின்னு.”

சென்ற வருடம் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அவள் அந்த ஏரியில் மூழ்கி இறந்தாள். வயது இருபத்தொன்பது.

நீங்கள் நகரத்திலிருந்து வந்தவர் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கம் குளிர்காலத்தில் ஏரி உறைந்த பிறகு, சிலர் ஜன்னலில்லாத ஒரு மரக்குடிலைப் பனிக்கட்டியின் மேல் இழுத்துப் போவார்கள். அதற்குள் ஒரு குழி வெட்டி, இருட்டில் உட்கார்ந்து, கீழே போகும் மீனை ஈட்டியால் குத்துவார்கள். தூண்டில் போடுகிறவர்களின் குழி கையகலம்தான் இருக்கும். இவர்களுடையது பாதிக் கட்டில் அளவு. குடிலை வேறிடத்துக்கு நகர்த்தினால் பழைய குழி மேலே மெல்லிய ஏடு பிடித்துக்கொள்ளும். அதன்மேல் பனி பெய்தால் குழி இருப்பதே தெரியாது. ஆகவே நகர்த்துகிறவர் ஓரத்தில் ஒரு ஊசியிலைக் கிளையை வெட்டி நட்டுவிட்டுப் போக வேண்டும். வெள்ளைப் பரப்பில் பச்சையாக ஒன்று நின்றால் யாரும் கிட்டே போக மாட்டார்கள்.

ஆனிகா விழுந்த குழியை வெட்டியவர் ஏரிக்கரையில் எங்கள் பக்கத்து வீட்டு வெர்ன். காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். நாய் அந்த ஏட்டின் மேல் ஓடி நின்றது, அவள் அதன் பின்னால் போனாள் என்று அறிக்கையில் இருக்கிறது. ஏடு நாயைத் தாங்கியது. அவளைத் தாங்கவில்லை. நான் தூரத்தில் இருந்தேன். ஓடிப்போய் வயிற்றால் ஊர்ந்து தோள்வரை கையை விட்டுத் துழாவினேன். அவள் பனிக்கட்டியின் அடியில் போயிருந்தாள். குழியருகே அடையாளம் எதுவும் இல்லை என்றும் அறிக்கையில் இருக்கிறது. எல்லாவற்றையும் சொன்னது நான்தான். வேறு சாட்சி இல்லை.

வெர்னுக்கு ஒரு அபராதம் போட்டார்கள். வேகமாகக் கார் ஓட்டினால் போடுவது போன்ற அபராதம். அதைக் கட்டிவிட்டு நேராக என்னிடம் வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“நட்டேன்னுதான் தம்பி எனக்கு ஞாபகம். குடிலை இழுக்கறதுக்கு முன்னாடியே வெட்டி நட்டேன். கையெல்லாம் பிசினா ஒட்டிச்சு. நீ பாக்கவே இல்லையா?”

“இல்ல.”

“காத்துல விழுந்திருக்குமோ?”

“அங்க கிளையே இல்ல, வெர்ன்.”

தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரமும் வந்து அதையே கேட்டார். நானும் அதையே சொன்னேன். ஏரி உருகுவதற்குள் அவருக்குத் தன் ஞாபகத்தின் மேல் நம்பிக்கை போய்விட்டது. “போன தடவை நட்டதை நினைச்சுக்கிட்டு இந்தத் தடவைன்னு சொல்றேன் போல,” என்றார். இருக்கலாம் என்றேன். மீன் குத்துவதை விட்டுவிட்டார். ஈட்டியை யாருக்கோ கொடுத்தார். பனிக்கட்டி அறுக்கும் நீளமான ரம்பத்தை என்னிடம் கொடுத்து, “நீயே வெச்சுக்கோ, என் கண்ணுல படாம இருக்கட்டும்,” என்றார்.

வசந்தத்தில் ஒருநாள் ஏரிக்கரை வீட்டுப் படிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை, அவராகவே வந்து செய்தார். ஆணியை வாயில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், “கடைசியா அந்தப் பொண்ணு ஏதாச்சும் சொல்லிச்சா?” என்று கேட்டார்.

“சொன்னா. ‘இங்க ஒரு கிளை நட்டு வெக்க யாருக்குமே தோணலையா’ன்னா.”

ஆணியை வாயிலிருந்து எடுத்தார். படியில் உட்கார்ந்தார். நூடுல் போய் அவர் மடியில் தலையை வைத்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே போய்ச் சமையலைக் கவனித்தேன்.

அந்த ஒரு வாக்கியம் அவருக்குப் போதும் என்று அப்போது நினைத்தேன். அவர் ஆயுள் முழுவதும் அதைச் சுமப்பார், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அது நியாயமான ஏற்பாடு. கோடை முழுவதும் அது சரியாகத்தான் நடந்தது. மெலிந்தார். பேசுவதைக் குறைத்தார். புகையில் வாட்டிய மீனைக் காகிதத்தில் சுற்றி என் வாசலில் வைத்துவிட்டுத் தட்டாமலே போவார். நான் அதை நாய்க்குப் போடுவேன்.

இந்தக் குளிர்காலம் ஏரி உறைந்ததும் அவர் ஒரு காரியம் தொடங்கினார். சனிக்கிழமை தோறும் ஒரு சறுக்குவண்டி நிறையக் கிளைகளை வெட்டிப் போட்டு ஏரி முழுவதும் இழுத்துச் சென்று, கைவிடப்பட்ட ஒவ்வொரு குழியருகிலும் நட்டுக்கொண்டு வந்தார். முதலில் எல்லாரும் சிரித்தார்கள்.

“வந்துட்டார்யா கிறிஸ்துமஸ் தாத்தா. எனக்குப் பரிசு எங்க, வெர்ன்?”

“உன் உயிருதான்டா பரிசு. பழைய குழி எங்கன்னு காட்டு.”

சில வாரங்களில் சிரிப்பு நின்றுவிட்டது. வழியில் நிறுத்திக் காபி கொடுத்தார்கள். பையன்கள் வண்டியை இழுத்துக் கொடுத்தார்கள். அவருக்கு மறுபடி உடம்பு தேறியது. ஜனவரியில் டோனட் கடையில் நான் வரிசையில் நின்றபோது அந்தக் கடைக்காரப் பெண் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “உங்க மனைவி பேர்ல அந்த மனுஷன் எத்தனை பேரைக் காப்பாத்துறார் பாருங்க. அவருக்கும் மனசு ஆறிட்டு வருதுன்னு நினைக்கிறேன்.”

ஆறிக்கொண்டு வருகிறது. அந்தச் சொல் சரியானது. நானும் கவனித்திருந்தேன். நாய்க்கு ஒரு துண்டு வாங்கிக்கொண்டு காருக்கு வந்தேன். முடிவு செய்தது அப்போது என்று நினைக்கிறேன். கோபம் இல்லை. ஏற்பாடு உடைந்துவிட்டது, வேறு ஏற்பாடு வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வருடத்துக் குழியை வெட்டியது யார் என்பது உங்கள் முதல் கேள்வி. நான் வெட்டினேன். வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். ரம்பம் வெர்னுடையதுதான். ஏரியின் கிழக்கு மூலையில், நாணல் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், அவர் வழக்கமாகப் போகாத இடம். வெட்டிய கட்டியை அடியில் தள்ளிவிட்டேன். அன்றிரவே ஏடு பிடித்தது. வெள்ளிக்கிழமை பனி பெய்தது. அவ்வளவு மெல்லிய ஏடு ஒரு நாயைத் தாங்கும், ஒரு ஆளைத் தாங்காது என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை காபி முடிந்ததும் அவர் கதவைத் தட்டினேன். நாணலுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு குழியை அடையாளமில்லாமல் விட்டிருக்கிறார்கள் என்றேன். உடனே கோட்டை மாட்டினார்.

“எந்த மடையன் பண்ண வேலை இது? நீயும் வரியா தம்பி?”

“வரேன். நூடுலுக்கும் நடந்த மாதிரி இருக்கும்.”

வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். அவருடைய அக்கா, அக்கா வீட்டு அடுப்பு, நூடுலின் எடை. “சோத்தைக் குறைடா இதுக்கு. நாயா, சோபாவா?” என்றார். அவர் கையில் இரும்புக் கம்பி இருந்தது. சந்தேகமான இடத்தில் அதைக் கொண்டு குத்திப் பார்த்துத்தான் காலை வைப்பார். நாணலைத் தாண்டித்தான் குழி என்று நான் சொல்லியிருந்ததால் நாணல்வரை குத்திப் பார்க்க அவருக்கு அவசியம் இருக்கவில்லை. கிளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். நான் நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

ஏடு உடைந்த சத்தம் அதிகமில்லை. கம்பி தண்ணீருக்குள் போய்விட்டது. அவர் இரண்டு முழங்கைகளையும் விளிம்பில் ஊன்றிக்கொண்டார். அந்தத் தண்ணீரில் ஒருவர் பேசுவதே கடினம். ஆனாலும் பேசினார்.

“நாயைக் கிட்ட விடாத தம்பி. தள்ளிக் கூட்டிட்டுப் போ. அதுவும் விழுந்துடும்.”

அவர் சொன்னபடியே செய்தேன். தள்ளிக் கூட்டிக்கொண்டு போனேன், கரைவரை. என் பையில் கயிறு இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை பார்த்தேன். முழங்கைகள் இன்னும் அங்கேதான் இருந்தன. அடுத்த முறை பார்த்தபோது கிளை மட்டும் பனிமேல் கிடந்தது. வீட்டுக்கு வந்து நாயின் பாதங்களைத் துடைத்தேன்.

ஆகவே, ஆம். நான் அவரைக் கொன்றேன். திட்டமிட்டு, தெளிவான மனத்துடன். என் அறிக்கையில் அவருக்கு நூறு சதவீதம் எழுதினேன். பயிற்சியில் சொல்லித் தந்ததற்கு மாறாக எழுதியது அந்த ஒருமுறைதான்.

வெர்னின் அக்கா உங்களிடம் பேசியிருக்கிறார் என்று புரிகிறது. ஆனிகா சொன்னதாக நான் வெர்னிடம் சொன்னதை அவர் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார். தூரத்தில் நின்ற எனக்கு, தண்ணீருக்குள் போனவள் அவ்வளவு நீளமாகப் பேசியது எப்படிக் கேட்டது என்கிறீர்கள். நல்ல கேள்வி. தண்ணீருக்குள் அவள் எதுவும் சொல்லவில்லை. அதற்கு நேரமில்லை. பேசியதெல்லாம் அதற்கு முன்பு.

எழுதிக்கொள்வதானால் எழுதிக்கொள்ளுங்கள். இதனால் எதுவும் மாறுவதாக நான் நினைக்கவில்லை. குழியை வெட்டியவர் வெர்ன். அன்று காலை நூடுலுக்கு எறிந்து விளையாட ஏதாவது வேண்டியிருந்தது. பனியில் ஒரு கிளை நின்றது, பிடுங்கினேன். கையில் பிசின் ஒட்டியது. எறிய எறிய அது எடுத்து வந்தது. நாங்கள் குழியை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம். நான் துழாவியபோது கையில் சிக்கியதும் அந்தக் கிளைதான். அன்று மாலை அதைக் கணப்பில் போட்டேன். ஈரமாக இருந்ததால் எரிய நேரமானது.

அது எந்தக் கிளை என்று தெரிந்தபோதும் அவளுக்குக் கோபம் எதுவும் இல்லை. சிரித்துக்கொண்டுதான் நாயின் வாயிலிருந்து கிளையை வாங்கினாள். எங்கள் காலடித் தடத்தைப் பார்த்துக்கொண்டே திரும்பி நடந்தாள். நூடுல் அவளுக்கு முன்னால் ஓடியது. போகும்போது சொன்னாள்:

“உனக்கு எல்லாமே விளையாட்டுதான். யாரும் விழுந்துடக் கூடாதுன்னு ஒருத்தர் பாத்துப் பாத்து நட்டு வெச்சிருக்கார். நீ காபியைக் குடி, நானே போய் நட்டுட்டு வந்துடறேன்.”