எண்ணெயா, என்னையா?

அன்பு மணக்கும் இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் கிளியனூர் மாதர் சங்கத் தலைவி லூர்துமேரி அம்மையார் அவர்களே! முன்வரிசையில் மூக்குக்கண்ணாடியும் முறுவலுமாய் வீற்றிருக்கும் பெரியோர்களே! மல்லாட்டைக் கடலை உடைத்தபடியே என் பேச்சையும் கேட்கப்போகும் தாய்மார்களே! வணக்கம்.

நூறாண்டு வாழ நல்ல பழக்கங்கள் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நல்ல பழக்கம் எப்படி வரும்? படித்து வருமா? பயந்து வருமா? எங்கள் வீட்டில் அது காதில் தப்பாக விழுந்து வந்தது!

மூன்று வருடத்துக்கு முன்னால், எண்பத்து மூன்றில். மூச்சு வாங்குகிறது என்று எங்கள் வீட்டுக்காரர் திண்டிவனத்து டாக்டரிடம் போனார். யார் என்கிறீர்களா? பெயரை நான் சொல்லலாமா? மூன்றாவது வரிசை, பச்சைத் துண்டு. ஆமாம், துரைக்கண்ணுதான். நீங்கள் சொன்னீர்கள், நான் சொல்லவில்லை!

போனவர் திரும்பி வந்து கட்டிலில் சாய்ந்தார். "டாக்டரே கைய விரிச்சிட்டாருடி. 'என்னைய விட்டுடுங்க'ன்னு சொல்லிட்டாரு. இனிமே கொஞ்ச நாளுதான்."

மறுநாளே பஸ் பிடித்து ஓடினேன். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "நான் எண்ணெய விடச் சொன்னேம்மா! வடை, பஜ்ஜி!"

ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனால் மூன்று சுழி வேறு, இரண்டு சுழி வேறு என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு சுழிக்கு நடுவில் ஒரு மனிதர் செத்துக்கொண்டிருந்தார், தாய்மார்களே!

சொல்ல ஓடிவந்தேன். வந்து பார்த்தால்? பஜ்ஜியை நாய்க்குப் போட்டுவிட்டுக் கேப்பைக்கூழ் குடிக்கிறார்! பீடிக்கட்டை அடுப்பில் எறிகிறார்! "போவப்போறவனுக்கு இதெல்லாம் எதுக்குடி?" சொல்வேனா நான்? வாயைத் திறப்பேனா?

சொந்தபந்தத்திடம் சொல்லிக்கொண்டு வரக் கிளம்பினார். வானூருக்கு நடந்தார்! பிரம்மதேசத்துக்கு நடந்தார்! "சாவப்போறவனுக்கு பஸ்ஸு எதுக்கு?" என்று நடந்தார், நடந்தார், நடந்துகொண்டே இருந்தார்! வரப்புத் தகராறில் பதினெட்டு வருடம் முகம் பார்க்காத பச்சைமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து படுத்ததும் தூக்கம்! மூச்சு வாங்கியது எங்கே? முன்னால் போன தொப்பை எங்கே? கோட்டக்குப்பத்துக் கமாலுதீன் பாய் மூன்றாம் தடவை பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "இன்னாய்யா, ஜல்தியா போறேன்னே, இன்னும் சொல்லிக்கினே கீறியே!"

சிரியுங்கள், சிரியுங்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இன்று காலை இவர் சொல்கிறார்: "பாக்க வேண்டியவங்க எல்லாரையும் பாத்தாச்சு. நாளையிலேர்ந்து படுத்துக்கறேன்."

நோய் கொல்லாத ஆளை இந்தப் படுக்கை கொன்றுவிடாதா? உண்மையைச் சொன்னால் பஜ்ஜிக்கு ஓடுவார். சொல்லாவிட்டால் பாயில் விழுவார். வீட்டில் சொன்னால், ஆறுதலுக்குச் சொல்கிறாய் என்பார். அதனால்தான் மைக்கில் சொல்லிவிட்டேன்!

அதோ, எழுந்து நிற்கிறார். என்ன கேட்கிறார்?

"அப்போ மூணு வருசமா நான் துன்னாத வடை?"

இந்த ஊரே கேட்கட்டும், சொல்கிறேன். எண்ணெய விட்டுடுங்க. என்னைய விட்டுடாதீங்க!

படுக்க உங்களுக்கு நேரம் ஏது? சாகப்போகிறேன் என்று எத்தனை வீட்டில் சொன்னீர்கள்! சாகவில்லை என்று அத்தனை வீட்டிலும் போய்ச் சொல்ல வேண்டாமா? விடிந்ததும் வானூர். நானும் வருகிறேன். நடந்தேதான்!

என் பேச்சைப் பொறுமையாகவும், முக்கியமாகச் சரியாகவும் கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி கூறி அமர்கிறேன். எல்லோருக்கும் வணக்கம்.