உளுந்து மேல ஏறிப் போங்க சார்

இன்னா சார், நீங்களும் எறங்கிட்டீங்க? எறங்காதீங்க, எறங்காதீங்க! ஏறிப் போங்க! ஆங், உளுந்து மேலதான், சொம்மா ஏறிப் போங்க! அய்ய... தூக்கித் தோள்ல வேற வெச்சுக்கினீங்களா? கீள எறக்குங்க சார். காத்தால இருந்து ஒரே ரோதனையா கீது. நாப்பது பேரு வந்தாங்க ஒங்க ஆளுங்க. நாப்பது பேரும் இதே மாதிரி, பச்சப் புள்ளயத் தூக்கற மாதிரி சைக்கிளத் தூக்கிக்கினு வரப்பு மேலயே நடந்து போயிட்டாங்க. சைக்கிளு மனுசன சொமக்கும், பாத்துகீறேன். மனுசன் சைக்கிள சொமந்துக்கினு போறத இன்னிக்கிதான் சார் பாக்கறேன்.

அதுல ஒரு அம்மா, கண்ணாடி போட்டவங்க, உளுந்துச் செடியத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினு, "ஐயா, சோறு போடற தெய்வம் நீங்க, இத நாங்க மிதிக்க மாட்டோம்"னுது. ஏம்மா, மிதிக்கறதுக்குத்தாம்மா ரோட்டுல போட்டுகீது! மிதிச்சாதாம்மா காய் வெடிச்சு உளுந்து வெளிய வரும்! கேக்கணுமே. என்னய நடுவுல நிக்க வெச்சு போட்டோ புடிச்சாங்க. சிரிங்கன்றாங்க. எங்க சார் சிரிக்கறது? நடந்து போற நாப்பது பேரப் பாத்து சிரிக்கறதா, நடு ரோட்டுல சும்மா கெடக்கற உளுந்தப் பாத்து சிரிக்கறதா?

இன்னாது? ரூட்டா? அவங்க போன ரூட்டுதானே, சொல்றேன் சார், சொல்லாம எங்க போறேன். ஆனா அது ரொம்ப சிக்கலான ரூட்டு. காடு வரும், அப்பால ஏரிக்கரை வரும், மறுபடியும் காடு வரும்... வாயால சொன்னா மண்டையில நிக்காது. நான் கொஞ்சம் யோசிச்சு வெக்கறேன், நீங்க அதுக்குள்ள ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. அதோ, அந்தப் புளியமரம் வரைக்கும்.

அட, போங்க சார். ஒரு ரவுண்டுதானே.

நடுவுல! நடுவுல போங்க! ஓரத்துல இன்னா கீது, வெறும் தார்தான் கீது! ஆங்... அப்டி. கேக்குதா சத்தம்? படபடன்னு வெடிக்குது பாருங்க! அதான் சார் உளுந்து! ஒங்க ஒடம்பு நல்ல ஒடம்பு சார். தப்பா எடுத்துக்காதீங்க, வந்தவங்கள்ல ஒங்க வெயிட்டுக்கு ஒருத்தரும் கெடையாது. எல்லாம் வேப்பங்குச்சி மாதிரி ஆளுங்க. நீங்க லேட்டா வந்தாலும் வெயிட்டா வந்தீங்க. திரும்புங்க, திரும்புங்க, அங்கயே நிக்காதீங்க!

வந்துட்டீங்களா. மூச்சு வாங்குதா? வாங்கட்டும், அதுக்குத்தானே மெட்ராஸ்ல இருந்து வரீங்க. டயரு இன்னா சார் இது, அரணாக்கயிறு மாதிரி கீது? இதுக்குத் தனி வெலயா? பாருங்க, இங்கதான் நான் கோட்ட உட்டேன். என் மச்சான் அரவிந்தன், பொண்டாட்டி தம்பி, ஏனாத்தூர்ல காலேஜ்ல வேல. அவன்தான் போன வாரம் வந்து, "மாமா, ஞாயித்துக்கெளம நாப்பது சைக்கிள் நம்ம ஊரு வளியா போவுது. செய்யாத்துக் கரையோரமா வந்து, நம்ம ரோட்டப் புடிச்சு, காட்டு வளியா போறோம்"னான். என் மண்டையில சுருக்குன்னுது. ஒரு பஸ்ஸுக்கு எத்தினி சக்கரம்? ஆறு. நாப்பது சைக்கிளுக்கு? எம்பது. அப்ப பதிமூணு பஸ்ஸு ஒரே நேரத்துல வந்த மாதிரி! அதுக்கு மேலயும் ரெண்டு சக்கரம் மிச்சம்! நம்ம ரோட்டுல பதிமூணு பஸ்ஸு என்னிக்கி சார் வந்துகீது?

கணக்கு தப்பா? சக்கரத்துல தப்பு கெடையாது. டயருலதான் தப்பு. அப்பால அந்த மரியாதயிலயும் தப்பு. பஸ்ஸுக்கு மரியாத தெரியாது சார், அது பாட்டுக்கு ஏறிப் போவும். மெட்ராஸ்காரங்களுக்கு இம்மா மரியாத தெரியும்னு நான் இன்னா கனவா கண்டேன்?

இன்னொரு ரவுண்டு போங்களேன். போயிக்கினே கேளுங்க, நான் கூடவே ஓடியாரேன்.

மானத்தப் பாத்தீங்களா? தெக்கால கருத்துக்கினு கீது. மாசி மாசத்துல மளையாம்! இது நனைஞ்சா முடிஞ்சுது சார். காயெல்லாம் கருத்துப் போயி, உள்ளயே மொளச்சிடும். ஒரு வருசத்துக்கு இட்லிக்கும் இதான், வித்து வர காசும் இதான். சுலோச்சனா, என் வூட்டுக்காரி, படிச்சுப் படிச்சு சொன்னா. "சுப்பிரமணி டிராக்டரக் கூப்புடு, ஒரே மணி நேரத்துல மிதிச்சுக் குடுத்துட்டுப் போவான்"னா. நான் இன்னா சொன்னேன்? "டிராக்டரு இன்னாத்துக்குடி, பதிமூணு பஸ்ஸு வருது"ன்னேன். அவ உடனே, திருப்புலிவனத்துல ஒரு காதுகுத்து, போயிட்டு வரேன்னு கெளம்பிட்டா. கெளம்பும்போது ஒரு பார்வ பாத்தா பாருங்க... அந்தப் பார்வைக்குக் கொட்டற மளையே தேவல. அவ வரதுக்குள்ள இது மூட்டையில இருக்கணும். இல்லன்னா இந்தப் பக்கம் வர ஆட்டுக்குட்டி கூட என்னப் பாத்து சிரிச்சுட்டுப் போவும்.

ரோட்டுல காய வெக்கறது தப்புன்றீங்களா? தப்புதான்னு எல்லாம் சொல்றாங்க. ஆபீசர் கூட ஒரு தபா வந்து சொன்னாரு. நான் அவராண்டயே கேட்டேன் சார். ஆயிரம் வருசத்துக்கு முன்னாடியே எங்க உத்திரமேரூர் கோயில் செவுத்துல, யாரு தேர்தல்ல நிக்கலாம், யாரு நிக்கக் கூடாதுன்னு வரி வரியா வெட்டி வெச்சிகீறான். திருடன் நிக்கக் கூடாது, கணக்கு காட்டாதவன் நிக்கக் கூடாதுன்னு அவ்ளோ யோசிச்சவன், ரோட்டுல உளுந்து போடக் கூடாதுன்னு ஒரு வரி வெட்டிகீறானா? அவர் தலையச் சொறிஞ்சுக்கினு போயிட்டாரு. நான் அத முழுசாப் படிச்சுப் பாத்ததில்லதான். அவரும் படிக்கலன்றது மூஞ்சியிலயே தெரிஞ்சுது.

ஆமா, நான் ஒண்ணு கேக்கறேன், நீங்க எல்லாம் இன்னாத்துக்கு இங்க வரீங்க? காஞ்சிவரம் வரைக்கும் வேன்ல சைக்கிள ஏத்திக்கினு வந்து, அப்பால எறக்கி மிதிக்கறீங்க. மிதிக்கறதுன்னா வூட்டுல இருந்தே மிதிச்சிக்கினு வரலாம்ல? ஆத்தப் பாக்கறீங்க. ஆத்துல இன்னா கீது, மணலு கீது. காட்டப் பாக்கறீங்க. அது காடா சார்? எங்க ஆடு மேய்ற எடம். அங்க நின்னு ஒருத்தர் மூச்ச இளுத்து இளுத்து உட்டாரு பாருங்க, எனக்கு பயமாப் பூடுச்சு, நெஞ்சு வலியான்னு ஓடிப் போயி கேட்டேன். "இல்லங்க, சுத்தமான காத்து"ன்றாரு. ஆட்டுக் கெடை போட்ட எடம் சார் அது!

இல்ல இல்ல, நிறுத்தாதீங்க. நல்லா வருது. அந்த வளைவுல இன்னும் மிதி பத்தல.

வேற வண்டியா? அதான் சார் நானும் பாக்கறேன்! என் சைக்கிளையும் மச்சான் எடுத்துக்கினு ஒங்க ஆளுங்களுக்கு முன்னாடி ரூட்டு காட்டப் போயிட்டான். மத்த நாள்ல இந்த ரோட்டுல இன்னா போக்குவரத்துன்றீங்க! ரெண்டு பஸ்ஸு, பால் வண்டி, கரும்பு லோடு, செங்கல் லாரி... இன்னிக்கி ஒரு ஈ காக்கா இல்ல. பேஜார் சார். இந்த ரோடு நம்ம ஊரோட முடியுது. இதுக்கு மேல ஆத்துக்குப் போற ஒத்தையடிதான். அதனால வண்டின்னா அந்தப் பக்கத்துல இருந்துதான் வரணும். அந்தப் பக்கம்தான்... ம்... அடைச்சு கீது.

யாரு அடைச்சதா?

...அது இன்னான்னா சார். நீங்க தப்பா நெனைக்கக் கூடாது. நாப்பது சைக்கிளு வரும்போது எதுக்க ஒரு செங்கல் லாரி வந்துதுன்னு வெச்சுக்கோங்க, ஒங்க ஆளுங்க இன்னா ஆவாங்க? ஒங்க நல்லதுக்குத்தான் சார். விடியறதுக்குள்ள போயி அந்த மொனையில வேலிமுள்ள வெட்டிப் போட்டு, ஒரு பலகைய நட்டேன். "பாலம் இடிந்து விட்டது. மாற்றுப் பாதையில் செல்லவும்." இந்த ரோட்டுல பாலமே கெடையாது சார்! அப்பவும் எல்லா வண்டியும் நம்பித் திரும்பிப் போவுது! ஒருத்தன், ஒரே ஒருத்தன், ஏது பாலம்னு கேக்கல. பஸ்ஸு ட்ரைவரு பத்து வருசமா இதே ரோட்டுல ஓட்டறாரு, அவரும் திருப்பிக்கினு போயிட்டாரு. எளுத்துக்கு இன்னா மரியாத பாருங்க!

எடுத்துடலாம்தான். எடுத்தா, வெச்சது யாருன்னு கேப்பாங்கல்ல. ஒங்க ஆளுங்க? அவங்க முள்ளு மேலயும் சைக்கிளத் தூக்கித் தாண்டிட்டாங்க, அவங்களுக்கு இன்னா. அந்தப் பலகையத் தாண்டி நேராப் போனா, காட்டு வளி, ஒரே வளி, சிக்கலே கெடையாது, ஒரு பத்து நிமிசத்துல...

ரவுண்டா? ஆங், போங்க போங்க! நீங்களே கேட்டுப் போறீங்க பாருங்க, இதான் சார் மனுசத்தனம்!

இருங்க, போனு அடிக்குது. நீங்க உடாம மிதிங்க.

அலோ... சொல்லு சுலோச்சனா. ஆங், நடக்குது நடக்குது, ஜோரா நடந்துக்கினு கீது. நீ எங்க கீற?... டிராக்டர்லயா? யாரு டிராக்டரு?... சுப்பிரமணியா! நான்தான் வாணாம்னேன்ல!... சரி, சரி. மொதல்ல இருந்தே என்ன நம்பலன்னு சொல்லு... பலகையா? இன்னா பலகை?... பாலமா! அடப்பாவமே, எந்தப் பாலம்?... ஆமா, நம்ம ரோட்டுல ஏது பாலம். அத அவனாண்ட சொல்லு... மாட்டேன்றானா? கெவர்மெண்டு பலகை, மீறினா கேஸுன்றானா?...

யாரு வெச்சதுன்னு எனக்கு எப்டித் தெரியும்?... இரு, தெரியும். இந்த சைக்கிள்காரங்கதான். மெட்ராஸ்ல இருந்து வந்தவங்க. வண்டி எதுவும் வரக் கூடாதுன்னு அவங்களே வெச்சிகீறாங்க. அதுல ஒருத்தரு இங்கதான் கீறாரு, அவராண்டயே கேளேன்... சார்! ஒரு நிமிசம் வாங்க. ஆமான்னு ஒரே ஒரு வார்த்த சொல்லிடுங்க. நீங்க சாயந்தரம் ஊரப் பாக்கப் போயிடுவீங்க, நான் இங்கயே குடித்தனம் பண்ணணும்... சார்?

சார்!

எங்க போனாரு இந்தாளு... இல்ல, ஒன்னச் சொல்லல.

இன்னா? எதுக்க யாரு வரது?... சைக்கிள்லயா? பெரிய ஒடம்பா?... நிறுத்தாத சுலோச்சனா. பாவம், கூட வந்தவங்களத் தேடிக்கினு போறாரு, அவர நிறுத்தாத... ஏன் நிறுத்தன?... அவருக்குப் பேச வராது! இம்மா நேரம் நான் பேசறேன், அந்தாளு வாயே தொறக்கல...

இன்னா சொல்றாரு?

...ம்.

...அதையும் சொல்லிட்டாரா.

...ஆமா. பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு வாங்கன பெயிண்டுதான். மிச்சம் இருந்துது.

...சரி. சரிம்மா. திட்டறத அப்பால வெச்சுக்க, இங்க தூறல் போட ஆரம்பிச்சிடுச்சு. முள்ள இளுத்துப் போட்டுட்டு ஜல்தியா வரச் சொல்லு அவன... எனக்கு இன்னாவா? நான் ஓரமா நிக்கறேன். தார்ப்பாயப் புடிச்சுக்கினு நிக்கறேன்.

...ஆமா சுலோச்சனா. வாயத் தொறக்காமதான்.