கலப்புக் கொடியின் முதல் வைன்

பத்தாம் வகுப்போடு நின்ற நான் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபதுகளில் மெல்பேர்ன் ரயிலில் தமிழ் கேட்பதே அபூர்வம். ஒரு மாலை, கிளென் வேவர்லி ரயிலில் என் முன்னால் இருந்த பெண் தன் கணவரிடம் கேட்டாள்:

"எல்லாரும் துப்பினவையோ?"

"ஓமப்பா. வைன் ருசி பாக்கிறவை விழுங்கமாட்டினம். வாயில வைச்சிட்டு வாளிக்குள்ள துப்பிப்போடுவினம்."

"உங்கட வைனையுமோ?"

"வேற என்ன! ரெண்டு இனத்தின்ர பூவைச் சேர்த்து நான் உண்டாக்கின வெள்ளைத் திராட்சை. ஏழு வருஷம் வளர்த்தனான். இண்டைக்குச் சரிவராட்டி கொடி முழுக்கப் பிடுங்கிறதெண்டு பண்ணைப் பெரியவர் முதலே சொல்லிப்போட்டார்."

"அந்த மனுசனும் துப்பினவரோ?"

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"முதல் மணந்து பாத்தார். வாயில வைச்சார். வாளியைக் கிட்ட இழுத்தார். பிறகு அதைத் தள்ளி வைச்சிட்டு விழுங்கிப்போட்டார்!"

"ஐயோ!"

"அதோட விட்டாரே? கிளாசை நீட்டி இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொன்னார். கொடி நிக்கட்டும், இன்னும் நாலு வரிசை நடு எண்டார்."

"நீங்கள் குடிச்சனீங்களோ?"

"சத்தியமாத் துப்பிப்போட்டன்."

"பெத்த பிள்ளையைத் தேப்பனே துப்பினதோ!"

அவள் சிரித்த சிரிப்பில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. அவர் அதைவிடப் பலமாகச் சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தேன்.

மறுநாள் கடையில் ஒரு கொத்து வெள்ளைத் திராட்சை வாங்கினேன். விதை நிறைய இருந்தது; நானும் துப்பினேன்.